தாலாட்டுக்குப் பிள்ளை நித்திரையாகவில்லையா? குறி பார்த்துப் பாட்டைத் திருத்தும் வழி

பிள்ளை உறங்காவிட்டால் வீட்டில் முதலில் மாற்றுவது பாட்டைத்தான். தாலாட்டு சரிவரவில்லை என்று சினிமாப் பாட்டு, அதுவும் சரிவரவில்லை என்று தேவாரம், கடைசியில் கைத்தொலைபேசி. பெரும்பாலும் பாட்டில் பிழை இருக்காது. சுருதி கூடியிருக்கும், வேகம் கூடியிருக்கும், பிந்தித் தொடங்கியிருக்கும், அல்லது பாட்டை நிறுத்தின விதம் பிழைத்திருக்கும். இந்த நாலில் எது என்று பிள்ளையே காட்டும். அதைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

எந்தப் பாட்டை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். தாழ்ந்த குரலில் பத்து நிமிடம் களைக்காமல் பாட முடியுமா? கடைசி வரி முடிந்ததும் முதல் வரிக்கு இழுபறி இல்லாமல் திரும்ப முடியுமா? சொல்லை விட்டுவிட்டு வெறும் முணுமுணுப்பாகத் தேய்த்துக்கொண்டு போக முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது நல்ல தாலாட்டு. பாட்டின் பெருமையோ பாடுகிறவரின் சங்கீத ஞானமோ இதற்குத் தேவையில்லை.

வாயெடுக்க முன்னர்

பாட்டால் தீராத அழுகை உண்டு. வாயைத் திறந்து தலையைத் திருப்பித் திருப்பித் தேடினால், கையைச் சூப்பினால் அது பசி. பிறந்த புதிதில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கேட்கும். அந்த நேரத்தில் பாடினால் அழுகைதான் கூடும். காலை வயிற்றுக்கு மடக்கி நெளிந்தால் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏவறை எடுங்கள். நப்பி ஈரமா என்று பாருங்கள். பங்குனி, சித்திரையில் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் தொப்பியும் சுற்றின துணியும் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடல்வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொட்டால் பாட்டு, ஏணை (சேலையில் கட்டின தொட்டில்) எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பால் குடிக்க மறுத்தால், மூச்சு இழுத்தால், அழுகை வழமைக்கு மாறாக ஈனமாக இருந்தாலும் அப்படித்தான்.

"பாட்டுத் தொடங்கினதும் முழிச்சுப் பார்த்துச் சிரிக்குது, காலடிக்குது"

அந்தப் பாட்டை நீங்கள் பகலில் விளையாட்டுக் காட்டப் பாடியிருக்கிறீர்கள். கைதட்டுப் பாட்டு, கூழும் கொழுக்கட்டையும் வருகிற ஆடிப்பிறப்புப் பாட்டு, நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிற பாட்டு எல்லாம் பிள்ளையின் மனதில் விளையாட்டோடு ஒட்டிக்கொண்டவை. இரவில் அதையே எத்தனை மெதுவாகப் பாடினாலும் அது விளையாடக் கூப்பிடுவதாகத்தான் கேட்கும். பகற்பாட்டையும் நித்திரைப் பாட்டையும் கலக்காமல் வையுங்கள். நித்திரைக்கென்று இரண்டு பாட்டுப் போதும். அவற்றை வேறு எந்த நேரத்திலும் பாட வேண்டாம்.

இரண்டாவது காரணம் சந்தம். திருப்புகழ் நாவுக்கும் காதுக்கும் விருந்துதான், ஆனால் அதன் அடுக்கு வல்லினமும் துள்ளுகிற தாளமும் முழிக்க வைக்கும். அதைக் காலையில் குளிப்பாட்டும்போது பாடுங்கள். தேவாரத்தைத் தாளம் போடாமல் இழுத்துப் பாடினால் நித்திரைக்கு நன்றாக ஒத்துவரும். கிறிஸ்தவ வீடுகளில் ஞானப்பாட்டுக்கும் இதே அளவுதான்: கைதட்டிப் பாடுவது பகலுக்கு, நீட்டிப் பாடுவது இரவுக்கு.

மூன்றாவது காரணம் உங்கள் முகம். பாடும்போது பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினால் அது கதைக்கத்தான் பார்க்கும். பார்வையை அதன் நெற்றிக்கு மேலே வையுங்கள். விளக்கு உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும்.

"பாடப் பாட அழுகை கூடுது"

பசி, ஈரம், வயிறு எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால் பிள்ளை களைத்துப்போய்விட்டது. பொதுவாக ஆறு கிழமைப் பிள்ளை முக்கால் மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் வரைதான் முழித்திருக்கும். நாலு மாதத்தில் அது ஒன்றரை, இரண்டு மணித்தியாலமாகும். அந்த நேரம் தாண்டினால் நித்திரை வராது, வெறிதான் வரும். கொட்டாவியும் கண் கசக்கலும் வரும்வரை காத்திராமல், பார்வை ஒரு இடத்தில் குத்திட்டு நிற்கத் தொடங்கும்போதே பாடத் தொடங்குங்கள்.

ஏற்கனவே வீரிட்டு அழுகிற பிள்ளைக்கு மெல்லிய குரல் கேட்காது. கேட்கிற அளவுக்குக் குரலை ஒருமுறை உயர்த்துங்கள். சொல் வேண்டாம், "ஓ… ஓ…" என்று நீண்ட உயிரொலி மட்டும், அழுகை மூச்செடுக்கிற இடைவெளியில் விழுகிற மாதிரி. அழுகை ஒரு படி இறங்கினால் நீங்களும் ஒரு படி இறங்குங்கள். பிள்ளை இறங்க முன்னர் நீங்கள் இறங்கினால் குரல் தொலைந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

பின்னேரம் மைம்மலில் தொடங்கி ஒன்றுக்கும் அடங்காமல் அழுகிற பிள்ளைகள் உண்டு. இது பிறந்து இரண்டு மூன்று கிழமையில் தொடங்கி, ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தணியும். இதில் உங்கள் பாட்டிலும் வளர்ப்பிலும் குற்றமில்லை. வீட்டில் கை மாற ஆள் இருந்தால் மாறுங்கள். தனியே இருக்கும்போது கோபம் தலைக்கேறினால் பிள்ளையை மல்லாத்திப் பாயில் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் விறாந்தையில் போய் நில்லுங்கள். எந்தக் கோபத்திலும் பிள்ளையைப் பிடித்து உலுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசியும்.

"கண் சொருகுது, பாட்டை நிப்பாட்டினதும் முழிக்குது"

அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான். பாட்டுத் தேர்வும் இந்த இடத்தில்தான் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. பிள்ளையை எழுப்புவது சத்தம் மட்டுமல்ல, மாற்றமும்தான். பத்து நிமிடம் ஓடின ஒலி சடாரென்று நின்றால் அந்த அமைதியே அதை எழுப்பிவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை கண்ணை மூடினதும் ஆழ்ந்த நித்திரைக்குப் போவதில்லை. முதலில் மேலோட்டமான நித்திரை: இமை படபடக்கும், உதடு சிரிக்கும், மூச்சு ஒரு சீரில் இருக்காது. இது இருபது நிமிடம்வரை நீளும். அந்த நேரத்தில் எது மாறினாலும் முழிக்கும்.

சினிமாப் பாட்டுகள் இங்கே வழுக்குகின்றன. படத்தில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வயலினும் புல்லாங்குழலும் ஓடும். வீட்டில் பாடுகிறவர் அந்த இடத்தில் சும்மா இருப்பார். பிள்ளைக்கு அது திடீர் அமைதி. பிறகு சரணம் மேலே ஏறும், குரல் இறுகும். சினிமாத் தாலாட்டு விருப்பமென்றால் பல்லவியை மட்டும் எடுத்து, அதையே சுற்றிச் சுற்றிப் பாடுங்கள்.

பிள்ளைத்தமிழின் தாலப் பருவப் பாடல்களை எடுக்கிறவர்களும் உண்டு. அருமையான தமிழ். ஆனால் அடி மிக நீளம், ஒரு மூச்சில் முடியாது. அதில் திரும்பத் திரும்ப வருகிற "தாலேலோ" ஈற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் சரி.

பாட்டைத் தேய்க்கிற, அதாவது படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிற முறை இது. நேரத்தைப் பிள்ளை பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

1. முழுச் சொல்லோடு ஏறக்குறைய ஐந்து நிமிடம். கண் மூடித் திறக்கிற இடைவெளி நீளும்வரை.
2. சொல்லை விடுங்கள். மெட்டு அதே, வாயில் "ஆராரோ ஆரிவரோ" மட்டும். இரண்டு மூன்று நிமிடம்.
3. வாயை மூடி "ம்ம்" என்று அதே மெட்டு, இரண்டு நிமிடம். பிள்ளை மார்பில் இருந்தால் உங்கள் நெஞ்சின் அதிர்வும் அதற்குப் போகும்.
4. ஒரு வரி முணுமுணுப்பு, ஒரு வரி நேரம் அமைதி. பிறகு ஒரு வரி முணுமுணுப்பு, இரண்டு வரி அமைதி.
5. குரல் நின்ற பிறகும் ஆட்டம் நிற்கக் கூடாது. இன்னும் ஐந்து நிமிடம் மெல்ல ஆட்டுங்கள். பிறகு ஆட்டத்தைக் குறைத்து நிறுத்தி, கையை மட்டும் பிள்ளையின் மேல் வைத்திருங்கள். கை கடைசி.

குரல், ஆட்டம், கை: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். முழித்தால் ஒரு படி மட்டும் பின்னுக்குப் போங்கள். முணுமுணுப்பில் முழித்த பிள்ளைக்கு "ஆராரோ" போதும். முதல் வரியிலிருந்து தொடங்கினால் அது முழுதாக எழும்பும்.

"ஏணையிலும் மடியிலும் நித்திரை, பாயில கிடத்தினா எழும்புது"

கையைத் தூக்கிப் பாருங்கள். விட்டவுடன் தளர்ந்து விழுந்தால், மூச்சும் சீராக இருந்தால் கிடத்தலாம். கை இறுகி நின்றால் இன்னும் பொறுங்கள். ஜப்பானில் 2022இல் வெளிவந்த ஆய்வொன்று சொல்வதும் இதற்கு ஒத்தது: அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும், உறங்கின பிறகு 5 முதல் 8 நிமிடம் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் கிடத்த வேண்டும். உடனே கிடத்தின பிள்ளைகளில் கனபேர் எழும்பிவிட்டார்கள்.

கிடத்தும்போது மூன்றாம் படியின் முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருக்கட்டும். மல்லாத்திக் கிடத்துங்கள், தட்டையான, இறுக்கமான படுக்கை, தலையணை வேண்டாம், நுளம்பு வலை முகத்தில் படாமல் விலகி நிற்க வேண்டும்.

"ஏணை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போகுது"

ஏணைக்கென்று ஒரு வேகம் உண்டு; அது கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. கூரை வளையில் கட்டின இடத்திலிருந்து பிள்ளை கிடக்கிற இடம் வரை இரண்டு மீற்றர் என்றால், போய்வர ஏறக்குறைய 2.8 விநாடி எடுக்கும். ஒன்றரை மீற்றர் என்றால் 2.5 விநாடி. பிள்ளையின் நிறை கூடினாலும் குறைந்தாலும் இது மாறாது. பாட்டு வேகமாகப் போய், அதற்கேற்ப ஏணையை இழுத்தால் சேலை குலுங்கும், பிள்ளை திடுக்கிடும். எனவே ஏணைக்குப் பாட்டை ஒப்படையுங்கள். போகிற பக்கம் ஓர் அடி, வருகிற பக்கம் ஓர் அடி. இரண்டு மீற்றர் ஏணையில் நாலடி கொண்ட ஒரு வரி ஆறு விநாடிக்குக் கிட்டப் பிடிக்கும்; ஒரு மூச்சுக்கு அளவாக இருக்கும். ஆட்டம் ஒரு பக்கத்துக்கு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம்.

ஏணையில் பிள்ளையின் நாடி (மோவாய்) நெஞ்சில் முட்டக் கூடாது. முட்டினால் மூச்சுப் பாதை மடங்கும். முகம் சேலைக்குள் புதையாமல் எப்போதும் தெரிய வேண்டும். முடிச்சையும் கயிற்றையும் ஒவ்வொரு நாளும் இழுத்துப் பாருங்கள். ஆள் பக்கத்தில் இல்லாமல் ஏணையில் விடவேண்டாம்; உறங்கினதும் பாய்க்கு மாற்றுங்கள். பிள்ளை புரளத் தொடங்கினால் ஏணைக் காலம் முடிந்தது.

"ரெண்டு நிமிஷத்தில எனக்குத் தொண்டை கட்டுது"

சுருதி கூடிப்போச்சு. யாராவது ஒன்று கேட்டால் "ம்ம்" என்று ஆமோதிப்பீர்களே, அந்த ஒலிதான் உங்கள் தொடக்கச் சுரம். பாட்டு அதிலிருந்து ஐந்து சுரத்துக்கு மேல் ஏறக் கூடாது. பழைய வீட்டுத் தாலாட்டுகள் களைக்காததற்குக் காரணம் இதுதான்: நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றி வரும். சங்கீதம் படித்தவர்கள் நீலாம்பரிக்குப் போவார்கள்; அசைந்து அசைந்து இறங்குகிற ராகம், தாலாட்டுக்குப் பேர்போனது. ஆனால் குரல் ஏறாதவர்களுக்கு நவரோஜும் குறிஞ்சியும் இன்னும் வசதி. இரண்டும் மேல் ஸட்ஜத்தை (மேல் "ஸ") தொடாமலே முடிகிற ராகங்கள்.

அப்பாமாருக்கு ஒரு வார்த்தை. தடித்த குரல் பிள்ளைக்குப் பிடிக்காது என்று விலகி நிற்க வேண்டாம். பிள்ளையின் தலையை நெஞ்சில் சாய்த்து வாயை மூடி முணுமுணுத்தால் உங்கள் கீழ்ச்சுர அதிர்வு நன்றாகவே வேலை செய்யும். அம்மாவின் சுருதியில் பாடப் பார்த்துக் கத்துவதுதான் பிழை.

"சொல்லு மறந்து போகுது"

சொல் தடுமாறி நிற்கிற அந்த ஒரு நொடி போதும், பிள்ளை முழிக்க. பாடமாக்காதீர்கள்; வீட்டைப் பார்த்துக் கட்டுங்கள். ஒரு சட்டம் மட்டும் வைத்திருங்கள்: ஒவ்வொரு வரியிலும் வளவில் கண்ட ஒரு பொருள், அது அடங்குகிறது என்று ஒரு வினை, ஈற்றில் பிள்ளையைக் கூப்பிடுகிற ஒரு சொல். இப்படி:

வளவுப்பனை அசையுதம்மா
வாடைக்காத்து குறையுதம்மா
கிணத்தடியும் இருளுதம்மா
கண்மணியே உறங்கம்மா

பொடியன் என்றால் "அம்மா" போய் "ராசா" வரும். "அசையுது ராசா" என்று அசை ஒன்று கூடும், இழுப்பைக் குறைத்தால் சரியாகிவிடும். அடுத்த சுற்றில் முருங்கை, மாட்டுக்கொட்டில், படலை, அம்மம்மாவின் சாய்மனைக் கதிரை என்று மாற்றிக்கொண்டே போகலாம். மாமன் சீரும் அத்தை சீரும் அடுக்கிப் பாடுகிற பழைய முறையும் இதே சட்டம்தான். உறவுமுறைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் பாட்டு முடியாது. மெல்லினம், இடையினம் வருகிற சொற்களைக் கூட்டுங்கள். வரியின் முடிவில் க், ட், ற் வெடிக்கிற சொல் வேண்டாம், நெடில் வரட்டும்.

"வெளிச் சத்தத்தில எழும்புது"

கோயில் ஒலிபெருக்கி, சோழகத்தில் அடிபடுகிற காவோலை, மெட்டு வாசித்துக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ. இவற்றை அடக்கக் குரலை உயர்த்த வேண்டாம். மின்விசிறியின் சீரான இரைச்சல் உங்களுக்குத் துணை. அதன் இரைச்சலுக்குச் சற்று மேலே முணுமுணுப்பை வையுங்கள். திருவிழா நாட்களில் பூசை நேரம் தெரிந்ததுதானே, பிள்ளையின் பகல் நித்திரையை அதற்கு முன்னுக்கோ பின்னுக்கோ அரை மணித்தியாலம் தள்ளுங்கள். பாண் ஓட்டோ வழமையாக வருகிற நேரத்தில் நாலாம் படியில் இருக்காதீர்கள். முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தால் வெளி மெட்டு அவ்வளவு உறைக்காது.

வெடிச் சத்தத்துக்கும் கதவு அறைகிற சத்தத்துக்கும் பிள்ளை திடுக்கிடவே இல்லை, குரலுக்குத் திரும்பவும் இல்லை என்றால் "நல்ல நித்திரைக்காரன்" என்று விட்டுவிட வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிச் செவிப்புலன் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். இதில் பிந்துகிற ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

"முந்தி சரிவந்த பாட்டு இப்ப சரிவருதில்லை"

நாலு மாதமளவில் பிள்ளையின் நித்திரை அமைப்பே மாறும். எட்டு ஒன்பது மாதத்தில் அம்மா கண்ணில் மறைந்தாலே அழும். இடையில் பல் முளைக்கும். பாட்டை மாற்றாதீர்கள். தெரிந்த பாட்டுத்தான் அந்த நேரத்தில் பிடிமானம். நேரத்தைப் பாருங்கள்: உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கில் மூன்று மாதம் வரை நாளுக்கு 14 முதல் 17 மணித்தியாலம், 4 முதல் 11 மாதம் வரை பகல் நித்திரையும் சேர்த்து 12 முதல் 16 மணித்தியாலம். பின்னேரம் ஐந்து மணிக்கு எழும்பின எட்டு ஒன்பது மாதப் பிள்ளையை ஏழு மணிக்குப் பாட்டால் கிடத்துவது கடினம்.

"அம்மம்மா பாடினாத்தான் நித்திரை, அம்மம்மா கனடாவில"

வீடியோ அழைப்பில் பாட வைப்பது சரிவராது. திரை வெளிச்சம் முழிக்க வைக்கும், இணைப்பு இடறினால் வரி அறும், அம்மம்மாவின் முகத்தைக் கண்டால் பிள்ளை சிரிக்கும். ஒலிப்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். தொலைபேசியை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்தி, அழைப்பு வராமல் விமான நிலையில் (flight mode) போட்டு, ஒரே மூச்சாகப் பதினைந்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் வெறும் முணுமுணுப்பு, அதுவும் குறைந்துகொண்டே போகவேண்டும். வீட்டில் போடும்போது திரையைக் கவிழ்த்து, பிள்ளையிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள். ஒலி 50 டெசிபலுக்கு மேல் வேண்டாம், அதாவது நீங்கள் தாழ்ந்த குரலில் கதைத்தால் அதை மேவிக் கேட்க வேண்டும். இணையத்தில் ஓடுகிற பாட்டைப் போட்டால் நடுவில் விளம்பரம் வெடிக்கும். இறக்கி வைத்த பதிவுதான் சரி.

முதல் நாளிலிருந்தே பதிவோடு சேர்ந்து நீங்களும் அதே மெட்டை முணுமுணுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பதிவின் ஒலியை ஒரு புள்ளி குறைத்து, உங்கள் குரலை ஒரு புள்ளி கூட்டுங்கள். பிள்ளை தடுமாறினால் இரண்டு நாள் அதே அளவில் நிறுத்தி, பிறகு தொடருங்கள். பதிவு கேட்காத அளவுக்கு வந்ததும் அதைப் போடுவதை விட்டுவிடலாம்.